பதினேழு வயது சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஆரணி கொசப்பாளையத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் பதினோரு பேர் கூடி, டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிள்களைக் குழுவின் மலைப் பயணங்களில் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தார்கள்.

குழுவின் பெயர் ஆரணி சில்க் ரைடர்ஸ். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பட்டுச்சேலை வியாபாரிகள். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் அதட்டிய பிறகு சைக்கிள் வாங்கியவர்கள். மாதம் ஒருமுறை ஜவ்வாது மலைக்குப் போவார்கள். மலை ஏறுவது குட்டியானை வண்டியில். சைக்கிள்களும் அதே வண்டியில், சேலை மூட்டைகளுக்குப் போர்த்தும் தார்ப்பாயின் கீழ் ஏறும். மேலே டீ குடித்து, படம் எடுத்து, இறங்குவது மட்டும் சைக்கிளில். ஏற்றம் முழங்காலுக்குக் கெடுதல் என்று தலைவர் சரவணன் எங்கோ படித்திருந்தார்.

ஜூன் மாதம் அந்த வண்டி மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்ட கண்ணமங்கலம் பக்கத்துத் தபால்காரர் அன்பழகன் டீக்கடை பெஞ்சில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் தன் பழைய சைக்கிளை மிதித்தே வந்திருந்தார். கடுதாசி கொடுக்கும் அதே சைக்கிள். டீக்கடைக்காரர் குழுவைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் இவுருதான் கோச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார். இறங்கும்போதும் அன்பழகனே முதலில் இறங்கினார். அடுத்த மாதம் பாதுகாப்பு பற்றிய கவலை குழுவுக்கு வந்தது. தீர்மானத்தில் அன்பழகன் பெயர் எங்கும் இல்லை. பழைய கட்டை பிரேக்கை நம்பி யாரும் உயிரை விடக் கூடாது என்று மட்டும் இருந்தது.

தீர்மானத்தில் எதிர்பாராமல் அடிபட்டவர் ஒருவர் உண்டு. சதீஷ், வயது முப்பத்தாறு, மெக்கானிக்கல் என்ஜினீயர். குழுவின் கௌரவப் புரவலரும் பட்டுச்சேலைக் கடை முதலாளியுமான வீரபாகுவின் ஒரே மருமகன். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டவர். அவரிடம் இருந்தது 2008இல் கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய மவுண்டன் பைக். இரும்பு ஃபிரேம், ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பழைய பிரேக்.

சதீஷுக்கு ஒரே ஓர் ஆசை. கடையை ஒட்டி ஒரு சிறிய அறை பூட்டிக் கிடந்தது. முன்பு நூல் மூட்டை போட்டு வைத்திருந்த இடம். அதில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வீரபாகுவுக்கு அந்த அறையில் ஏசி போட்டு, முகூர்த்தச் சேலைக்குத் தனிப் பிரிவு திறந்து, மருமகனை உள்ளே வைக்க வேண்டும்.

தீர்மானம் நிறைவேறிய அன்று மதியம், சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் பேச்சு வந்தது.

"புது சைக்கிள் ஒண்ணு வாங்கித் தர்றேன் மாப்ள. டிஸ்க் பிரேக் வெச்சது. இன்னா சொல்றீங்க?" என்றார் வீரபாகு.

"வேணாம் மாமா. என் சைக்கிளுக்கே டிஸ்க் மாட்டலாம்."

"அதுக்கா? அதுல மணியே அடிக்க மாட்டேங்குது, ஆள் வந்தா நீங்க தொண்டையாலதான் கத்தறீங்க."

"ஃபிரேம் நல்ல ஃபிரேம் மாமா. இப்போ வர்றதுல்லாம் இந்த மாதிரி இரும்பு கெடையாது."

"பழைய தறி வாங்கறவனும் இதையேதான் சொல்றான், தறி விக்கறவனும் இதையேதான் சொல்றான்." வீரபாகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி, ஒண்ணு பண்ணலாம். ஆயுத பூஜ முடிஞ்சி வர்ற ஞாயித்துக்கெழம மலைக்குப் போறீங்க. உங்க டிஸ்க்க நம்பி, சீட்ட விட்டு எறங்காம அடிவாரம் வரைக்கும் வந்துடுங்க. ரூம் சாவி அங்கயே உங்க கைல. நடுவுல கால ஊனி எறங்கிட்டீங்கன்னா, தீவாளிலேந்து முகூர்த்தச் சேல. சரிங்களா?"

சதீஷ் சரி என்றார். சமையலறையிலிருந்து மனைவி தேவிப்ரியா, "எழுதி வாங்கிக்கோங்க ரெண்டு பேரும்" என்றாள். யாரும் எழுதி வாங்கவில்லை.

பழைய ஃபிரேமுக்கு டிஸ்க் பிரேக் மாட்டுவது, பழைய ஓட்டு வீட்டுக்குள் லிஃப்ட் வைப்பதைப் போன்றது. வைக்கலாம், வைப்பதற்கு முன்னால் வீட்டில் பாதியை மாற்ற வேண்டும். முன்பக்க ஃபோர்க்கில் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள இடமில்லை. ஃபோர்க்கை மாற்ற வேண்டும். சக்கரத்தின் நடுவில் டிஸ்க்கை முடுக்க ஆறு துளை இல்லை. சக்கரங்களை மாற்ற வேண்டும். புதுச் சக்கரத்தின் ரிம்மில் பழைய கட்டை பிடிக்கிற இடம் கிடையாது. ஆகவே திரும்பிப் போக வழியும் இல்லை. இதெல்லாம் சென்னையிலிருந்து பார்சலில் வந்து சேர ஆகஸ்ட் முடிந்தது. சதீஷ் குழுவின் வாட்ஸப்பில் ஒவ்வொரு பார்சலையும் பிரித்துப் படம் போட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பாடம். டிஸ்க்கை வெறும் விரலால் தொடக் கூடாது என்றும், விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே பிரேக்கைக் கெடுத்துவிடும் என்றும் நான்கு முறை எழுதினார். சரவணன் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மிச்சம் இருந்தது பின்பக்கம். அங்கே காலிப்பரை, அதாவது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் பிடியை, மாட்ட ஃபிரேமில் காது இல்லை. ஆன்லைனில் வாங்கிய தகடு ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. சதீஷ் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு சுப்பராயலுவின் லேத் பட்டறைக்குப் போனார். சுப்பராயலு விசைத்தறிகளுக்கு உதிரிபாகம் கடைபவர். முப்பது வருடமாக ஊரில் பாதித் தறிகள் அவர் கடைந்த பல்சக்கரத்தில்தான் ஓடுகின்றன.

"இங்க ஒரு காது வெல்டிங் வெச்சிக் குடுத்துடுங்கண்ணே, ஜல்தியா வேணும்" என்றார் சதீஷ்.

சுப்பராயலு குழாயை நகத்தால் தட்டிப் பார்த்தார். "வெக்க மாட்டேன்."

"ஏண்ணே?"

"இது இன்னா தடிமன் கீதுன்ற? அப்பளம். சூடு பட்டா அந்த எடம் செத்துடும். தறில வெல்டிங் விட்டா தறி நிக்கும். போய் மறுபடியும் வெக்கலாம். இதுல விட்டா நீ நிக்க மாட்ட. நீ என்ஜினீர்தான?"

"ஆமாண்ணே."

"எங்க படிச்ச?"

சதீஷ் கல்லூரியின் பெயரைச் சொன்னார். சுப்பராயலு, "பீஸ் எல்லாம் கட்டிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பழைய விசைத்தறியின் பக்கத்தகட்டிலிருந்து ஒரு துண்டு வெட்ட ஆரம்பித்தார். அச்சு நுழைய ஒரு துளை, காலிப்பருக்கு இரண்டு துளை, ஃபிரேமின் இரண்டு குழாயையும் கவ்விக்கொள்ள இரண்டு பிடி. வெல்டிங் இல்லாமல் எல்லாம் போல்ட்டில் நின்றது. மூன்று நாள் வேலை.

காலிப்பரை நடுவில் நிறுத்துவதுதான் கடைசிச் சிக்கல். டிஸ்க் ஒரு பக்கம் உரசியது. யூடியூப்காரர்கள் இதற்கு விசிட்டிங் கார்டைச் சொருகச் சொல்கிறார்கள். சுப்பராயலு பட்டறைக்கு எதிர்வீட்டுத் தறியிலிருந்து பாவு நூலில் இரண்டு இழை வாங்கி வந்தார். டிஸ்க்கின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நுழைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மெதுவாக இழுத்தார். ஒன்று வந்தது, ஒன்று சிக்கியது. காலிப்பரை மயிரிழை நகர்த்தி மறுபடி இழுத்தார். ஒன்பதாவது தடவை இரண்டு இழையும் ஒரே இறுக்கத்தில் அறுந்துபோகாமல் வந்தன. "முடுக்கிக்க" என்றார்.

பிரேக் பிடித்தது. சதீஷ் கமண்டல நாக நதிப் பாலத்துச் சரிவில் ஒரு சாயங்காலம் முழுக்க இறங்கி இறங்கி நிறுத்தி, காலிப்பருக்குள் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடுகளை டிஸ்க்குக்குப் பழக்கினார். முப்பது முறை இறங்கினார், முப்பது முறையும் நின்றது. பாலத்தில் பொரி விற்றவர், "ஏம்பா, எதையாவது தொலச்சிட்டு தேடிகினு கீறியா?" என்று கேட்டார். வாட்ஸப்பில் காணொளி போட்டதற்கு முதல் முறையாக வீரபாகுவே கைதட்டுகிற படம் அனுப்பினார்.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. வீரபாகுவின் கடையில் பூஜைக்கு ஒரு முறை உண்டு. அவருடைய அப்பா தறி போட்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது. கடையில் உள்ள இரும்பு எல்லாவற்றையும் முதலாளியே தன் கையால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். பிறகு சந்தனம், அதன்மேல் குங்குமம். கத்திரிக்கோல், முழக்கோல், ஷட்டர் பூட்டு, குட்டியானையின் ஸ்டியரிங், எல்லாம் அன்று பளபளக்கும். இரும்பு இல்லாதவையும் தப்புவதில்லை. கார்டு தேய்க்கும் இயந்திரத்தின் வாயில் வருடாவருடம் சந்தனம் போய், ஒரு வாரத்துக்கு வாடிக்கையாளர்கள் ரொக்கம் எடுக்க ஏடிஎம்முக்கு நடக்கிறார்கள்.

சதீஷ் சைக்கிளைக் கழுவிக் கடை வாசலில் நிறுத்தியிருந்தார். பூஜைத் தட்டைப் பிடித்தபடி சதீஷ் கூடவே வர, வீரபாகு ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கடை ஆட்கள் எட்டுப் பேர், மாமியார் ராஜம்மாள், தேவிப்ரியா, பூஜைக்கு அழைக்கப்பட்ட சரவணன், எல்லோரும் பின்னால் நின்றார்கள்.

வீரபாகு மூன்று மாதமாக அட்டு சைக்கிள் என்று சொல்லிவந்த அதன் முன்னால் குனிந்தார். ஹேண்டில்பாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்து, மருமகனை நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகக் கேட்டார்.

"மாப்ள, இதுல எது முக்கியமான பாகம்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று சதீஷ் ஜூலையிலிருந்து காத்திருந்தார்.

"இதோ மாமா, இந்த டிஸ்க்குதான்" என்று விரலை நீட்டினார்.

முக்கியமான பாகம் என்றால் அதற்கேற்ற கவனிப்பு உண்டு. வீரபாகு துணியை மறுபடியும் எண்ணெயில் முக்கினார். முன் டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். சக்கரத்தை உருட்டச் சொல்லி மறுபக்கமும் துடைத்தார். பின்சக்கரத்துக்கும் அப்படியே. சதீஷின் வாய் திறந்தது.

"மாமா..."

"இன்னா மாப்ள, இந்தப் பக்கம் விட்டுட்டனா?"

"இல்ல..."

"சொல்லுங்க. நம்ம கடைல பூஜ வாங்கிட்டா அது நம்ம சொத்து மாப்ள. அப்புறம் அதுக்குன்னு ஒரு எடம் குடுத்துத்தான ஆவணும்?"

எட்டு ஆட்களும் சதீஷைப் பார்த்தார்கள். தேவிப்ரியா சிரித்தாள். கல்யாணமான ஏழு வருடத்தில் மாமனார் எல்லோர் முன்னாலும் அவருடைய பொருள் ஒன்றை வணங்கியது இதுவே முதல் தடவை. சதீஷ் வாயை மூடிக்கொண்டார். டிஸ்க்கில் மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும் ஏறின. காலிப்பரின் இடுக்கில் ஒரு மல்லிகைச் சரமும் சொருகப்பட்டது. கற்பூரம் காட்டினார்கள். சதீஷ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை செய்யும் வரை தொடக் கூடாது. எண்ணெய்க்கு ஒரு பகலும் ஒரு இரவும் அவகாசம் கிடைத்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சைக்கிளைத் தொட அனுமதி வந்ததும் சதீஷ் டிஸ்க்கைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் நான்கு முறை கழுவினார். டிஸ்க் இரும்பு, கழுவினால் போகும். பேடு அப்படியல்ல, குடித்ததைத் திருப்பித் தராது. புதுப் பேடுக்கு சென்னைக் கடையைக் கூப்பிட்டார். பூஜை விடுமுறை, காந்தி ஜெயந்தி, நடுவில் வெள்ளிக்கும் லீவு, சனி, ஞாயிறு. திங்கட்கிழமைதான் பார்சல் போடுவோம் என்றார்கள். அவர் பேடுகளைக் கழற்றி, கேஸ் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் வைத்தார்.

ராஜம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "இன்னா மாப்ள வறுக்கிறீங்க?"

"பிரேக்கு அத்த."

"உங்க மாமா சாப்புடறதுக்கா?"

வெள்ளிக்கிழமை பாலத்துச் சரிவில் பத்து தடவை இறங்கியதில் ஆறு தடவை நின்றது. சனிக்கிழமை ஏழு. தபால் பையோடு அந்த வழியாக வந்த அன்பழகன் நின்று பார்த்து, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"சார், வீட்ல உண்மைய சொல்லிட்டு ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கலாமே?"

"பூஜயால கெட்டுப் போச்சின்னு எப்படிங்க சொல்றது?"

"பூஜயால இல்லயே சார், எண்ணெயால."

"அவுருக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

அக்டோபர் ஐந்தாம் தேதி குட்டியானை மலை ஏறியது. அன்பழகனுக்கு வண்டியில் இடமில்லை, பயணத்தில் பெயரும் இல்லை. ஆனால் மலைப்பாதை குழுவுக்குச் சொந்தமில்லை என்பதால் அவர் தன் பாட்டுக்கு மிதித்து வந்திருந்தார். ஒன்பது மணிக்கு இறக்கம் தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் சதீஷின் பிரேக் பிடித்தது. இரண்டாவதில் சத்தம் போட்டுக்கொண்டு பிடித்தது. மூன்றாவதற்கு முன்னால் சூடேறி, பேடு குடித்திருந்த எண்ணெய் வெளியே வந்தது. பிரேக் கைப்பிடியை ஹேண்டில்பாரைத் தொடும் வரை அழுத்தியும் சைக்கிள் கேட்கவில்லை. சாலையோர உண்ணிச்செடிப் புதர் கேட்டது. சதீஷ் அதற்குள்ளிருந்து எழுந்து வந்தபோது முழங்கையில் கீறல். சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை.

அவர் புதருக்குள் கிடந்ததைப் பார்க்காமலே குழு முழுவதும் தாண்டிப் போயிருந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நாலு கிலோமீட்டர் நடந்த பிறகு பின்னாலிருந்து அன்பழகன் வந்து பிரேக் பிடித்து நின்றார்.

"இன்னா சார், பஞ்சரா?"

"இல்லீங்க. சும்மா, இயற்கைய பாத்துகினு போலாம்னு."

அன்பழகன் குனிந்து டிஸ்க்கை முகர்ந்தார். "இயற்கைல முறுக்கு சுடற வாசன வருது சார்."

இரண்டு பேரும் நடந்தார்கள். கடைசி வளைவு வந்தது. அதற்கு அப்பால் அடிவாரம். பந்தல், பேனர், பொங்கல் பாத்திரம், காரில் சாய்ந்தபடி வீரபாகு. வளைவுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. சதீஷ் சட்டையில் ஒட்டியிருந்த முட்களை எடுத்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"சார், இன்னும் எறக்கம் கீது" என்றார் அன்பழகன்.

"தெரியும்."

சதீஷ் வளைவைத் தாண்டிக் கம்பீரமாக வந்தார். பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் பேனரைத் தாண்டினார், வீரபாகுவைத் தாண்டினார், பொங்கல் பரிமாறியவரைத் தாண்டினார், மடித்து வைத்திருந்த தார்ப்பாய் மேல் ஏறிக் குட்டியானையின் பின்சக்கரத்தில் முட்டி நின்றார். அப்போதும் சீட்டை விட்டு இறங்கவில்லை.

"வந்துட்டீங்களே மாப்ள!" வீரபாகு ஓடி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார்.

சரவணன் கையில் பொங்கல் இலையோடு வந்தார். "அண்ணே, ஒரு நிமிசம். நாங்கல்லாம் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுது. எறக்கத்துல சைக்கிள் இம்மா நேரம் உருளுமா?"

வீரபாகுவின் கை சாவியோடு நின்றது. அன்பழகன் அப்போதுதான் வந்து இறங்கினார். வீரபாகு அவரைக் கேட்டார். "ஏம்பா, நீ பின்னாலதான வந்த. மாப்ள எங்கயாவது எறங்குனாரா?"

அன்பழகன் சரவணனைப் பார்த்தார். "நான் உங்க ரூல்படி இந்தப் பயணத்துலயே இல்லீங்களே. இல்லாதவன் எப்படிங்க சாட்சி சொல்றது?"

சரவணன் பொங்கலில் மிளகு தேடினார். வீரபாகு மருமகனிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க மாப்ள. நீங்க சொன்னா நான் நம்பறேன்."

சதீஷால் பொய் சொல்ல முடியவில்லை. "எறங்குனேன் மாமா. பிரேக் புடிக்கல."

"மூணு மாசம் பாத்துப் பாத்து மாட்டுனீங்க. பாலத்துல புடிச்சிதே. இன்னாத்துக்குப் புடிக்கல?"

"நீங்க எண்ணெய் தடவினதால."

வீரபாகு சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"பூஜ பண்ணதால பிரேக் புடிக்கலன்றீங்க."

"பூஜயால இல்ல மாமா, எண்ணெயால."

"எண்ணெய் இல்லாம பூஜ ஏது மாப்ள? எங்கப்பா காலத்துலேந்து நூத்துக்கணக்கான சாமானுக்குத் தடவிகினு வர்றோம். ஒண்ணாவது நின்னு போச்சா?"

"கார்டு மிஷினு..." என்று ஆரம்பித்தார் வண்டி ஓட்டுநர். யாரும் திரும்பவில்லை.

"சரி, நான் உங்கள கேக்காமத் தடவினனா?" என்றார் வீரபாகு. "எது முக்கியமான பாகம்னு கேட்டேன். எங்க தடவணும்னு நீங்கதான விரல நீட்டிக் காட்டினீங்க? அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு பொட்டோட விட்டிருப்பேன். எட்டு ஆளுங்க முன்னால கன்னத்துல போட்டுக்கினு நின்னீங்களே."

வீரபாகு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சாப்புடுங்க மாப்ள, ஆறிடும்" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

அக்டோபர் 12ஆம் தேதி குழு மீண்டும் கூடி, தன் தீர்மானத்தைத் திருத்தியது. இனி டிஸ்க் பிரேக் கம்பெனியிலேயே பொருத்தியதாக இருக்க வேண்டும். முகூர்த்தச் சேலைப் பிரிவு அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை திறக்கப்பட்டது. சதீஷ் அங்கே காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை பார்க்கிறார்.